ரைபிளும் அதன் படுகையும்

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்பது நம் நாட்டுப் பழமொழி. எய்தவனிடத்தும் குற்றமில்லை, அம்பினிடத்தும் குற்றமில்லை, எனினும் குறி தவறிக்கொண்டே வருகின்றது எனின், நோவத்தக்கது யாது? இவ்வினாவிற்கு விடையாக யாம் அயல்நாடொன்றில் ஒரு முதியவரது வீட்டு நிலவறையிற் கண்டறிந்த செய்தியை ஈண்டு எழுதப் புகுந்தோம். துப்பாக்கியின் எஃகுறுப்பை அதன் மரக்கட்டையிற் செம்மையாக அமர்த்தும் தொழிலைப் பற்றியது அது. அத்தொழிலை ஆங்கிலத்திற் பெட்டிங் என்பர்; யாம் அதனைப் படுகை அமைத்தல் என்று வழங்குவாம். துப்பாக்கியைக் கையாலுந் தொடாத மாணவர்க்கும் பொருள்நூல் உண்மைகள் சில இதன்கண் உள. ஒரு குற்றத்தை அதன் வேரிற் சென்று காணும் முறையும் இதன்கண் உளது.

முதியவரும் அவரது துன்பமும்

உயர்தரக் கல்வியின் பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் யாம் சில ஆண்டுகள் தங்கியிருந்தோம். எமக்கு அடுத்த வீட்டில் எழுபது வயது கடந்த முதியவர் ஒருவர் தனித்து வாழ்ந்து வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சொற்சுருக்கமும் கைத்திறமும் உடையவர். மாலை வேளைகளில் அவரது நிலவறைக்குச் சென்று அவர் செய்யும் மரவேலையைப் பார்த்திருத்தல் எமக்கு வழக்கமாயிற்று.

அம்மாநிலத்தார்க்கு மான்வேட்டை ஒரு திருவிழாவை ஒக்கும். நவம்பர் மாதத்து நன்றிகூறும் நாளை அடுத்து வரும் திங்கட்கிழமையில் ரைபிள் வேட்டைப் பருவம் தொடங்குதல் நெடுங்கால வழக்கமாக இருந்தது. அன்று பல ஊர்களிற் பள்ளிக்கூடங்களையும் மூடிவிடுவர். 2019-ஆம் ஆண்டில் அத்தொடக்கம் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. யாம் அங்கிருந்தது அம்மாற்றத்திற்கு முன்னரேயாம்.

முந்திய ஆண்டின் வேட்டைப் பருவத்தில் அம்முதியவர் நூறு கெஜத் தொலைவில் நின்ற ஒரு மானைச் சுட்டார். மார்பிற் படவேண்டிய குண்டு பின்தொடையிற் பட்டது. மான் ஓடிற்று. குருதிச் சுவட்டைப் பற்றிக்கொண்டு இருள் சூழும்வரை பனியில் அலைந்தும் அதனைக் கண்டிலர். மறுநாளும் தேடிக் கண்டிலர். அடிபட்ட உயிரைச் சாவின் வேதனையில் விட்டுவிட்டு வருதல் அந்நாட்டு வேட்டைக்காரர்க்குள்ளும் பெரும்பழியாகும். இதனை எமக்குக் கூறுங்கால் அவர் எம் முகத்தைப் பார்த்திலர். "கண் போய்விட்டது, இனி யான் துப்பாக்கியைத் தொடலாகாது" என்பதே அவர் செய்துகொண்ட முடிபு.

எனினும் அம்முடிபு அவருக்கு முற்றும் அமைதி தரவில்லை. கண்ணாடியை மாற்றினார். துப்பாக்கியின்மேல் உள்ள தொலைநோக்கியை மாற்றினார். வேறு வகைத் தோட்டாக்களை வாங்கிப் பார்த்தார். மேசைமேல் மணற்பைகளை அடுக்கி, அவற்றின்மேல் ரைபிளைக் கிடத்தி, நூறு கெஜத்திற்கு அப்பால் நிறுத்திய தாளிற் சுட்டால் ஐந்து குண்டுகளின் துளைகள் நான்கு அங்குல அகலத்திற் சிதறிக் கிடந்தன. அன்றியும், குழல் சூடேற ஏற ஒவ்வொரு துளையும் முன்னையதற்கு மேலாகவும் வலமாகவும் ஏறிச் சென்றது. இக்குறிப்பை முதலிற் கண்டவர் சுடுமிடத்தில் இருந்த வேறொருவர். "கண் கெட்டவன் நாற்புறமும் சிதறச் சுடுவான், ஒரே திசையிற் படிப்படியாக ஏறச் சுடான். கட்டையைக் கழற்றிப் பாரும்" என்று அவர் சொல்லிப் போயினர்.

ரைபிளின் உறுப்புக்கள்

மேலே செல்லுமுன் ரைபிளின் அமைப்பை ஒருவாறு அறிதல் வேண்டும். உட்புறத்தே திருகுச்சுற்றாக வெட்டிய வரிகளையுடைய எஃகுக் குழல் ஒன்று. அதன் பின்னே, தோட்டாவை உள்ளிட்டுத் தாழிட்டு வெடிக்கச் செய்யும் எஃகுப் பகுதி ஒன்று. ஆங்கிலத்தில் ஆக்‌ஷன் எனப்படும் இதனைப் பூட்டகம் என்போம். குழலும் பூட்டகமும் ஒன்றோடொன்று திருகப்பட்டு ஒரே உடம்பாய் நிற்கும். இவ்விரண்டையும் தாங்குவது மரத்தாற் செய்த கட்டை. கட்டையின் பின்பகுதி தோளிற் பதியும். முன்பகுதி குழலின் கீழே நீண்டு கையிற் பிடிப்பதற்கு உதவும்.

பூட்டகத்தின் முன்பாகத்தில், அடிப்புறத்தே, ஒரு தடித்த முளை கீழ்நோக்கி நிற்கும். அது கட்டையில் வெட்டிய பள்ளத்தினுட் புகுந்திருக்கும். துப்பாக்கி வெடிக்கும்போது உண்டாகும் பின்னுதைப்பு முழுவதையும் மரத்திற்குக் கடத்துவது இம்முளையே. ஆதலின் இதனை உதைமுளை என்று கூறலாம். முன்னும் பின்னுமாக இரண்டு திருகாணிகள் கட்டையின் கீழிருந்து மேலேறிப் பூட்டகத்தைக் கட்டையோடு பிணிக்கும். ஆகவே, எஃகும் மரமும் தொடும் இடங்கள் சிலவே. அவை யாவை, எவ்வாறு தொடுகின்றன என்பதே நாம் ஆராயும் பொருள்.

நொடியின் ஆயிரத்திலொரு கூறு

அம்முதியவரது ரைபிள் அமெரிக்காவிற் பெருவழக்காயுள்ள .30-06 என்னுந் தோட்டாவைக் கொள்வது. அத்தோட்டா வெடிக்கும்போது அதனுள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 60,000 பவுண்டு வரை செல்லக்கூடும். குண்டு குழலைக் கடந்து வெளியேறச் செல்லுங் காலம் ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்திலொரு கூறேயாம். அச்சிறு கணத்திற்குள் எஃகு முழுவதும் பின்னோக்கித் தள்ளப்படுகின்றது. குழலோ அடிக்கப்பட்ட மணிபோல அதிர்கின்றது. குண்டு வாயைவிட்டு நீங்குங்கணத்திற் குழலின் வாய் எத்திசை நோக்கி நிற்கின்றதோ அத்திசையிலேயே குண்டு செல்லும்.

குழல் அதிர்தலைத் தடுத்தல் எவராலும் இயலாது. தடுக்க வேண்டுவதும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே வகையாக அதிர்ந்தாற் போதும். குண்டுகள் ஒரே இடத்திற் சென்று படும். பூட்டகம் ஒரு முறை இவ்வாறும் மறுமுறை வேறாகவும் அமருமாயின், அதிர்ச்சியும் வேறுபடும், குறியும் வேறுபடும்.

எத்துணை வேறுபாடு போதும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 24 அங்குல நீளமுள்ள குழலின் வாய், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஏழு கூறு ஒருபுறம் சாய்ந்தால், அச்சாய்வு ஒரு பாகையின் அறுபதிலொரு பங்காகும். நூறு கெஜத் தொலைவில் இது 1.047 அங்குலமாக விரியும். ஆயிரத்தில் ஏழு கூறென்பது நாம் எழுதும் தாள்கள் இரண்டின் கனமே. இரண்டு தாட்கனப் பிழையால் ஓரங்குலம் தவறும் எனின், எட்டுத் தாட்கனப் பிழை நான்கங்குலத் தவறாகும்.

மரத்தின் இயல்பு

எஃகு தன் உருவத்தை எளிதில் விடாது. மரமோ அவ்வாறன்று. ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவு நிலையிற் பிடித்துக்கொள்வதையும், பங்குனி வெயிலில் அதுவே இடைவெளி விட்டு ஆடுவதையும் காணாதார் யார்? துப்பாக்கிக் கட்டைக்குப் பெரும்பாலும் கொள்ளும் கருவால்நட் மரம், பச்சை நிலையிலிருந்து முற்றும் உலருங்கால், வளையங்களின் சுற்றுப்போக்கில் நூற்றுக்கு 7.8 பங்கும், நடுவிலிருந்து புறநோக்கிய போக்கில் 5.5 பங்கும் சுருங்கும் என்று மரநூலார் அளந்துள்ளனர். நீளப்போக்கிலோ மரங்கள் பெரும்பாலும் நூற்றுக்கு 0.2 பங்கிற்குமேற் சுருங்குவதில்லை. ஒரு திசையில் மிகுந்தும் மற்றொரு திசையிற் குறைந்தும் மாறும் பொருள் வளையாது என்செய்யும்? நன்கு உலர்த்திச் செய்த கட்டையும் காற்றின் ஈரத்தைப் பருகியும் விடுத்தும் ஓயாது சிறிது அசைந்துகொண்டேயிருக்கும்.

இவ்வுண்மையைப் படைகளும் அரிய விலை கொடுத்தே கற்றன. அமெரிக்கக் கடற்காலாட்படையினர் 1966-ஆம் ஆண்டில் எம்40 என்னும் ரைபிளைத் தொலைக்குறிச் சுடுநர்க்கென ஏற்றனர். அதன் கட்டை வால்நட் மரம். வியட்நாமின் வெப்பத்திலும் ஈரத்திலும் அம்மரம் வீங்கியும் வளைந்தும் குழலை அழுத்தவே, குறி பிறழ்ந்தது. 1970-களில் அவர்கள் செய்த எம்40ஏ1 என்னும் ரைபிளுக்குக் கண்ணாடியிழைக் கட்டையே அமைக்கப்பட்டது.

நம் தேசிய மாணவர் படையிற் பயின்ற பழைய மாணவர் பலர் .303 லீ-என்பீல்டு ரைபிளைத் தோளிற் சுமந்திருப்பர். அதன் வரலாற்றிலும் இச்செய்தி உண்டு. ஆஸ்திரேலிய நாட்டு லித்கோ தொழிற்சாலையார் கோச்வுட் என்னும் மெல்லிய மரத்தாற் கட்டை செய்யத் தலைப்பட்டபோது, உதைப்பைத் தாங்கும் இடங்களில் மரம் நைந்துபோகாவண்ணம் செப்புத் தகடுகளைப் பதித்தனர். அதே ரைபிளின் நான்காம் எண் வகையிற் கட்டையின் முன்னுனி குழலின் வாய்ப்புறத்தைச் சில பவுண்டு விசையோடு மேல்நோக்கித் தாங்கும்படி செய்யப்பட்டது. குழலைத் தாங்கவிடுதல் ஒரு கொள்கை. குழலை எதுவும் தொடாமல் மிதக்கவிடுதல் மற்றொரு கொள்கை. தாங்கும் விசை என்றும் மாறாதிருப்பின் முன்னையதும் நன்றே. மரம் மாறும் இயல்பினதாதலால் இக்காலத்தார் பெரும்பாலும் பின்னையதையே விரும்புவர்.

கழற்றியபோது கண்டவை

முதியவர் முதலில் துப்பாக்கியிற் தோட்டா இல்லையென்பதை இருமுறை பார்த்து, தாழையும் வேறாக எடுத்து வைத்தார். பிறகு குழலும் கட்டையின் நுனியும் சேருமிடத்தில் எம் விரலை வைக்கச் சொல்லி, முன் திருகாணியை மெல்லத் தளர்த்தினார். விரலின்கீழ்க் குழல் கட்டையை விட்டு எழுவதை யாம் நன்கு உணர்ந்தோம். திருகாணியை இறுக்கினார், குழல் கீழே வந்தது. எஃகு தன் இயல்பில் அமரவில்லை, திருகாணியால் வளைக்கப்பட்டுக் கிடக்கின்றது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டா.

கட்டையை வேறாக்கியபோது மூன்று குற்றங்கள் தோன்றின. முன் திருகாணியைச் சுற்றிய மரம் பல ஆண்டு எண்ணெய் ஊறிக் கறுத்து, நசுங்கியிருந்தது. உதைமுளையின் பின்முகம் இடப்புற ஓரத்தில் மட்டுமே மரத்தைத் தொட்டதற்கு அடையாளமாக அங்கே மட்டும் மரம் பளபளத்தது. கட்டையின் முன்னுனி ஈர நிலவறையில் ஆண்டுக்கணக்காகச் சாய்ந்து நின்றதனால் வளைந்து, குழலை இடக்கீழ்ப் புறத்திலிருந்து நெருக்கியது. குழல் சூடேறிச் சிறிது நீண்டு பருக்குந்தோறும் அந்நெருக்கம் மிகுந்து, வாயை வலமேற்புறம் தள்ளிற்று. தாளில் ஏறிச் சென்ற துளைகளின் மறை அவிழ்ந்தது. முதியவர் நெடுநேரம் அக்கட்டையையே நோக்கிக்கொண்டிருந்தார்.

பண்டைய முறை

பசைப்பொருள்கள் தோன்றுமுன் கட்டைத் தச்சர் இத்தொழிலைச் செய்த முறை எளிமையும் அருமையும் ஒருங்குடையது. விளக்குப் புகைக்கரியை எண்ணெயிற் குழைத்துப் பூட்டகத்தின் அடியில் மெல்லிதாகப் பூசுவர். அதனைக் கட்டையில் வைத்து மெல்லத் தட்டி எடுப்பர். மரத்தில் எங்கெங்கே கருமை ஒட்டியதோ அவையே மேடுகள். உளியாலும் சுரண்டியாலும் அவற்றை மட்டும் துகளளவு களைவர். மீண்டும் பூசி, மீண்டும் வைத்து, மீண்டும் களைவர். நூறு முறைக்கும் மேலாக இங்ஙனம் செய்தபின், கருமை எங்கும் ஒருப்போலப் படியும். அப்பொழுதே மரம் எஃகை முழுவதும் தாங்குகின்றது என்று கொள்வர். இம்முறையில் ஒரு துகள் மிகையாகக் களைந்தாலும் திரும்ப ஒட்டவைத்தல் இயலாது.

நம் நாட்டில் வீணை செய்வோர் மெட்டுக்களை மரத்தில் நேரே பதிப்பதில்லை. மெழுகும் கரியும் சேர்த்துச் செய்த படுகையில் நிறுத்துவர். மெழுகு இளகி மெட்டின் அடியுருவத்தை ஏற்றுப் பின் இறுகும். மரத்தைச் செதுக்கி உலோகத்திற்குப் பொருத்துவதை விட்டு, இளகும் பொருளொன்றை இடையில் இட்டு அது தானே உருவத்தை ஏற்கச் செய்தல் என்னும் இக்கருத்தே புதிய முறைக்கும் அடிப்படையாகும்.

புதிய முறை

அவ்விளகும் பொருள் எபாக்சிப் பசை. நம் கடைகளில் அரால்டைட் என்று விற்கப்படுவது இவ்வினத்தது; அது 1946-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தில் வெளிவந்தது. பிசின் ஒன்று, இறுக்கி ஒன்று, ஆக இரண்டையும் கலந்தாற் சில மணி நேரத்தில் ஈரத்தாலும் எண்ணெயாலும் எளிதிற் கெடாத கல்போன்ற பொருளாகும். துப்பாக்கிப் படுகைக்கென எஃகுத்துகளோ கண்ணாடியிழையோ சேர்த்து, உலருங்காற் சுருங்காதவாறு செய்யப்பட்டவற்றைக் கொள்வர். முதியவர் இத்தொழிலைச் செய்த வரிசையைக் கூறுவாம்.

முதலாவது, நைந்த மரத்தைக் களைதல். உதைமுளைப் பள்ளத்தின் சுற்றிலும் பூட்டகத்தின் முன்பாகத்தின் கீழும் எண்ணெய் ஊறிய மரத்தை அங்குலத்தின் எட்டிலொரு பங்கு ஆழத்திற்கு உளியாற் செதுக்கி எடுத்தார். பக்கங்களின் மேல்விளிம்பில் மட்டும் பழைய மரத்தைச் சிறிது விட்டுவைத்தார். பூட்டகம் தன் பழைய உயரத்தில் நிற்றற்கு அதுவே அளவுகோல். திருகாணித் துளைகளைப் பெருக்கி, அவற்றுள் ஒவ்வோர் அலுமினியக் குழாயைத் தூண்போல நிறுத்தினார். இனித் திருகாணியை எத்துணை இறுக்கினும் நசுங்குவது மரமன்று. எஃகும் அலுமினியமுமே ஒன்றையொன்று தாங்கும். குழல் கிடக்கும் பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு மடிப்புத் தாள் குழலுக்கும் மரத்திற்கும் இடையே தடையின்றி ஓடுமளவு இடம் செய்தார்.

இரண்டாவது, பசை புகலாகாத இடங்களை அடைத்தல். விசையுறுப்பு நிற்கும் வெளி, தோட்டாப் பெட்டியின் வாய், திருகாணித் துளை ஆகியவற்றைச் சிறுவர் விளையாடும் மெழுகுக் களிமண்ணால் அடைத்தார். பூட்டகத்தின் பக்கங்களில் உள்ள குழிகளையும் நிரப்பினார். அவற்றினுட் பசை புகுந்து இறுகுமாயின், ஆணி அறைந்தாற்போலப் பூட்டகம் சிக்கிக்கொள்ளும். உதைமுளையின் முன்முகத்திலும் இருபக்கத்திலும் அடியிலும் ஒட்டுநாடா ஒட்டினார்; பின்முகத்தில் மட்டும் ஒட்டவில்லை. நாடாவை நீக்கியபின் அவ்விடங்களிற் சிறு வெளி நிற்கும். பின்முகம் ஒன்றே படுகையைத் தொட்டு உதைப்பைக் கடத்தும். எஃகைக் கழற்றுதலும் மாட்டுதலும் இதனால் எளிதாகும்.

மூன்றாவது, மெழுகிடுதல். இத்தொழிலின் உயிர்நிலை இதுவே. எபாக்சி எஃகையும் மரத்தையும் பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிவிடும் ஆற்றலது. நம் கோயில்களில் திருவுருவத்தைப் பீடத்தோடு பிணிக்கும் அஷ்டபந்தனம் பிரியாதிருத்தற்கென்றே சாத்தப்படுவது. இஃதோ மரத்தைப் பற்றி எஃகை விட்டுவிடல் வேண்டும். ஆகவே, எஃகிற் பசைபடக்கூடிய ஒவ்வோரிடத்திலும், திருகாணிப் புரிகளிலும், நிறமற்ற செருப்பு மெழுகை மெல்லிதாகப் பூசித் துடைத்து, காயவிட்டு, மீண்டும் பூசினார். மூன்று முறை பூசினார். ஓரிடத்தை மறந்தவர் ரைபிளையே இழந்தாலும் இழப்பர்.

நான்காவது, கலத்தல். பிசினுக்கும் இறுக்கிக்கும் செய்தோர் குறித்த அளவைச் சிறு தராசில் நிறுத்தே கொண்டார். கண்ணளவு இதன்கண் உதவாது. இறுக்கி குறைந்தால் என்றும் இளகியே கிடக்கும், மிகுந்தாலும் வலிமை குன்றும். காற்றுக்குமிழி புகாவண்ணம் மெல்லக் கிளறி, வால்நட்டின் நிறத்திற்கேற்பப் பழுப்புச்சாயம் ஒரு துளி சேர்த்தார். அதனைப் பள்ளங்களில் நிரப்பி, குமிழி நிற்கக்கூடிய மூலைகளைக் குச்சியாற் குத்திவிட்டார்.

ஐந்தாவது, அமர்த்துதல். குழலின் முன்பகுதியில் ஒட்டுநாடாவைப் பல சுற்றுச் சுற்றி, அது பள்ளத்தின் நடுவில் நிற்கச் செய்தார். பூட்டகத்தை மெல்ல இறக்கினார். விளிம்பெங்கும் பசை பிதுங்கிற்று. இங்கே எம் அறியாமையையும் கூறிவிடுதல் முறை. நன்றாகப் பிடிக்கட்டும் என்னும் ஆர்வத்தால் யாம் திருப்புளியை எடுத்து முன் திருகாணியை இறுக்கத் தொடங்கினோம். முதியவர் எம் கையைச் சட்டெனப் பற்றினார். "வேண்டாம், வேண்டாம். இப்போது இறுக்கினால் எஃகு வளையும். வளைந்த உருவத்தையே பசை ஏற்றுக்கொள்ளும். நாம் ஒழிக்க வந்த குற்றத்தையே கல்லாக்கி வைப்போம். தண்ணீரில் மிதப்பதுபோலக் கிடக்கட்டும்" என்றார். நேர்நிறுத்தும் அளவிற்கே திருகாணிகளை விட்டு, நெகிழும் இரப்பர்க் குழாயால் இரண்டு சுற்றுக் கட்டினார். பிதுங்கிய பசையை வினிகரில் நனைத்த பஞ்சாற் துடைத்தார். பின் ரைபிளை அசையாமற் கிடத்தி, விளக்கை அணைத்தார்.

மறுநாள்

இருபத்துநான்கு மணி நேரம் கழிந்தபின் யாம் மீண்டும் நிலவறைக்குச் சென்றோம். முதியவர் எமக்காகக் காத்திருந்தார். திருகாணிகள் இடையூறின்றிக் கழன்றன. பூட்டகமோ அசையவில்லை. பின்வாலின் அடியில் மெழுகிட்டோமா என்று அவர் எம்மைக் கேட்டார். யாம் நினைவுகூர இயலாமல் நின்றோம். அவர் கட்டையை இரு முழங்காலுக்கும் இடையிற் பற்றி, இரப்பர்ச் சம்மட்டியாற் குழலின் அடியில் மெல்லத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. "டப்" என்னும் ஓசையோடு எஃகு நேர்மேலாக எழுந்தது. எழாதிருப்பின் பனிப்பெட்டியில் இட்டு எஃகைச் சுருங்கச் செய்தலும், அதுவும் பயன்படாவிடிற் குழலைச் சூடேற்றிப் பசையை இளக்குதலும் செய்வர் என்று அவர் பின்னர்க் கூறினார்.

படுகை கண்ணாடிபோல விளங்கிற்று. பூட்டகத்தின் அடியில் இருந்த எழுத்துக்கள்கூட அதில் தலைமாறிப் பதிந்திருந்தன. கூரிய விளிம்புகளை அரத்தால் மழுக்கி, திருகாணிகள் துளையின் பக்கங்களிற் தொடாதவாறு துளைகளைச் சிறிது பெருக்கி, களிமண்ணையும் நாடாவையும் நீக்கி, மெழுகைத் துடைத்து, எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தார். திருகாணிகளை அளவுகாட்டும் திருப்புளியால் இறுக்கினார். வெறுமரக் கட்டைக்கு ஏறத்தாழ 40 அங்குல-பவுண்டும், அலுமினியத் தூணுள்ள கட்டைக்கு 65 அங்குல-பவுண்டும் பொதுவாகக் கொள்ளும் அளவு. துப்பாக்கி செய்தோர் வேறு கூறின் அதுவே கொள்ளத்தக்கது.

பின் முதல்நாட் செய்த சோதனையையே மீண்டும் செய்தார். எம் விரல் குழலின் நுனியில். அவர் கை முன் திருகாணியில். தளர்த்தினார், இறுக்கினார், மீண்டும் தளர்த்தினார். விரலுக்கு ஓர் அசைவும் தெரியவில்லை. நுண்ணளவுக் கடிகையை வைத்து நோக்குவோர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு கூறுக்குக் குறைவான அசைவையே நன்றெனக் கொள்வர்.

ஓர் எச்சரிக்கை

இதனைப் படிப்போர்க்கு இரண்டு சொற்கள். படுகை எல்லா நோய்க்கும் மருந்தன்று. குழல் தேய்ந்திருந்தாலும், தொலைநோக்கியின் பிடிப்புத் தளர்ந்திருந்தாலும், தோட்டா ஒவ்வாதிருந்தாலும் எத்துணை நல்ல படுகையும் பயன் தராது. ஆதலின் எளியவற்றை முதலிற் சோதித்து, திருகாணியைத் தளர்த்திப் பார்த்து, குற்றம் மரத்தினிடத்து என்று தெளிந்த பின்னரே உளியை எடுத்தல் வேண்டும். அன்றியும், அமெரிக்க நாட்டில் ஒருவர் தம் ரைபிளை வீட்டிலேயே செப்பஞ்செய்தல் பெருவழக்கு; நம் நாட்டில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிகளைச் செய்தற்கும் விற்றற்குமே யன்றிப் பழுதுபார்த்தற்கும் உரிமம் வேண்டும் என்கின்றது. உரிமம் பெற்ற ரைபிளை உடையோரும் அதனை உரிமம் பெற்ற தொழிலாளரிடமே கொடுத்தல் வேண்டும். அவரிடம் எதனைக் கேட்கவேண்டும் என்பதை அறிதற்கு இக்கட்டுரை உதவலாம்.

முடிவு

அடுத்த சனிக்கிழமை முதியவரோடு சுடுமிடத்திற்குச் சென்றோம். முன்போலவே மேசை, மணற்பை, நூறு கெஜம், ஐந்து குண்டுகள். குழல் சூடேறியது, ஆயினும் துளைகள் ஏறிச் செல்லவில்லை. ஐந்தும் ஒன்றேகால் அங்குலத்திற்குள் நெருங்கிக் கிடந்தன. முதியவர் அத்தாளை எடுத்து வந்து, அளவுகோலை இருமுறை வைத்துப் பார்த்தார். பின், தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண் இருக்கின்றது" என்று மட்டுமே சொன்னார்.

அவ்வாண்டு வேட்டைப் பருவத்தில் அவர் காட்டிற்குச் சென்றார். தம் பேரனையும் உடனழைத்துச் சென்றார். புறப்படுமுன் நிலவறையின் ஈரமான மூலையிலிருந்து துப்பாக்கி நிறுத்தும் சட்டத்தைப் பெயர்த்து, மேல்தளத்தில் உலர்ந்த அறையிற் கொண்டுபோய் வைத்தார். முந்திய ஆண்டு காணாமற்போன மானைப் பற்றி அதன்பின்பு அவர் எம்மிடம் பேசியதில்லை. ஆனால் அவரது பணிமேசையின்மேற் சுவரில் இரண்டு தாள்கள் அருகருகே ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று நான்கங்குலத் தாள். மற்றொன்று ஒன்றேகால் அங்குலத் தாள். பேரன் வரும்போதெல்லாம் முன்னையதையே முதலிற் காட்டுவார்.

வலிந்து இறுக்கிப் பிடிப்பதே உறுதி என்று நாம் எண்ணுகின்றோம். அம்மரமும் எஃகும் எமக்குக் கற்பித்தது வேறு. தாங்கப்படும் பொருளை வளைக்காமல், அதன் உருவத்தை உள்ளவாறே ஏற்று, ஒவ்வொரு முறையும் அவ்விடத்திலேயே அமரச் செய்வதே நல்ல படுகை. இறுக்குதல் அதன் பின்னரே. திருப்புளியை எடுத்த எம் கையைப் பற்றி நிறுத்திய அம்முதியவரை, இளைஞர்க்குக் கற்பிக்கும் தொழிலில் இருக்கும் யாம் இன்றும் அடிக்கடி நினைக்கின்றோம்.